மூன்று மணிக்கு மட்டும் என் ஆள் இல்லை

கண்ணாடிக்கடைக்காரருக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், இல்லாத இடத்தின் மேல் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, வந்தவர்களை உட்காரச் சொல்லி, காபி வேண்டுமா என்றும் கேட்டார். அந்த மரியாதைதான் ஸ்டெனோவுக்கு முதலில் பிடித்துப்போனது. பிற்பாடு அதை நினைத்தாலே அவளுக்கு வாய் கசந்தது.

ஸ்டெனோ என்பது பெயரில்லை. இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள். ஊரில் சொல்லப்பட்ட பொய்களில் பாதியாவது அவள் பென்சில் வழியாகத்தான் போயிருக்கும். வேலையை விட்டதும் ஒரு பல் டாக்டரின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். உதவிக்கு விசில். நாற்பத்தைந்து வயது, முன்னாள் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காத மேலதிகாரி ஒருவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டதால் வேலை போனவன். நாக்கு மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் வழக்கைச் சுருக்கமாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, காய்ச்சலாக இருந்ததால் வழக்கத்துக்கு மாறாக மதியம் மூன்று மணிக்கே கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். அவர் குடியிருப்பது ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். ஆறுக்கும் ஒரே கேட். கேட்டுக்குள்ளிருந்து ஒரு சலவைக் கம்பெனி வேன் பின்பக்கமாகப் பாய்ந்து வந்து அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது.

டிரைவர் தப்பை ஒப்புக்கொண்டு சிறையில் இருக்கிறான். சிக்கல் வேறு இடத்தில். வேன் கம்பெனி வேலையாக அங்கே வந்திருந்தால், ஓட்டியவன் செய்ததற்குக் கம்பெனி பொறுப்பு. அவன் தன் சொந்த வேலையாக வந்திருந்தால், பொறுப்பு அவன் தலையில் மட்டும். அவனோ சொந்த வேலை என்றே வாக்குமூலம் கொடுத்திருந்தான். சிகரெட் வாங்கப் போனானாம்.

"அவன் சிகரெட்டே குடிக்க மாட்டானாம் மேடம்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "வேன் எங்க பில்டிங்ல எந்த வீட்டுக்கு வந்துதுன்னு மட்டும் கண்டுபிடிங்க. எந்தக் கதவுன்னு தெரிஞ்சா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன். சின்னதா எது கிடைச்சாலும் உடனே எனக்கு போன்ல அனுப்பிடுங்க."

கட்டிலருகே ஸ்டூலில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். அலமாரியை நிமிர்த்தி வைத்தது போன்ற உடம்பு. ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். பேச்சு தொடங்கியதும் அவர் அவளைப் பார்க்காமலே "வெளியில நில்லு" என்றார். போய் நின்றாள். அரை மணி கழித்து இவர்கள் வெளியே வந்தபோதும் வராந்தாவில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெஞ்சு காலியாக இருந்தது.

"தம்பி ஏன் மேடம் பேசவே மாட்டேங்கறார்?" என்றான் விசில், படி இறங்கும்போது. "அண்ணன் சொன்னாத்தான் மூச்சே விடுவார் போல."

ஸ்டெனோ அவர் கொடுத்த விசிட்டிங் கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது வேன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் புல்லுக்குள் நின்றது. அங்கிருந்த ஏட்டு பழைய கோர்ட் பழக்கம். பத்து நிமிஷம் பார்க்கலாம், எதையும் எடுத்துப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

உள்ளே துணிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. வழக்குச் சொத்து என்பதால் மூன்று வாரமாக யாரும் தொடவில்லை. எத்தனை குடும்பம் இதை நம்பி லுங்கியோடு வீட்டிலேயே இருக்கிறதோ என்று விசில் கவலைப்பட்டான். ஒவ்வொரு பொட்டலத்திலும் வாடிக்கையாளர் பெயர், விலாசம், துணி நம்பர் எழுதிய சீட்டு. டிரைவர் சீட்டுக்கு மேல் செருகியிருந்த அன்றைய ரூட் தாளோடு ஸ்டெனோ ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். எல்லாம் ஊரின் மேற்குப் பக்கம். விபத்து நடந்த தெரு கிழக்குக் கோடி. வழி தவறி வரக்கூடிய தூரமில்லை.

ஒரே ஒரு பொட்டலத்தில் மட்டும் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. சேஃப்டி பின்னில் குத்திய துணித்துண்டில் சிவப்பு மையில் ஒரு சைபர்.

"முதலாளி வீட்டுத் துணி. பில் போடமாட்டாங்கல்ல, அதான் சைபர்," என்றான் விசில். "முதலாளிக்கு அந்தப் பில்டிங்ல இன்னொரு வீடு இருக்கு. முடிஞ்சுது கேஸ்."

"எல்லாக் கேஸையும் நீ அங்கேயேதான் கொண்டு போய் முடிப்பே," என்றாள் ஸ்டெனோ.

பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு சட்டை, ஒரு பெண்ணின் பட்டுக் கவுன், ஒரு கறுப்புக் கோட்டு. நான்கும் நான்கு அளவு. ஒரே வீட்டுத் துணியில்லை. சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணியைக் கண்ணருகே கொண்டுபோனாள். கிழிந்திருந்த இடம் நூலுக்கு நூல் கோத்து அடைக்கப்பட்டிருந்தது. விரலால் தடவினால்தான் தெரிந்தது, பார்த்தால் தெரியவில்லை. மிஷின் தையல் இல்லை. கை.

கோட்டின் உள்பை கருகிப்போய், வேறு துணியில் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. கடுகு நிறத்தில் வழுவழுப்பான துணி. ஒரு ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது. தையலுக்குள் மடிந்தது போக மிச்சமிருந்த இடத்தில் மங்கலாக ஏதோ அச்சு. மூன்று மூன்று விரலோடு இரண்டு குட்டிக் கால்கள்.

"கோழிக்கால்," என்றான் விசில். "யாரோ பிரியாணிக் கடை பையை வெட்டித் தெச்சிருக்காங்க." சொல்லிக்கொண்டே போட்டோ எடுத்து, 'சைபர் நம்பர் பொட்டலத்தில் இது கிடைத்தது' என்று கட்சிக்காரருக்கு அனுப்பிவிட்டான். அப்போது மணி பதினொன்று பத்து. அவன் அனுப்பியதை ஸ்டெனோ பார்த்தாள். தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது.

சலவைக் கம்பெனி முதலாளி முன் அறையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவர் போட்டிருந்த சட்டையில் மடிப்பு என்பதே இல்லை. பின்பக்கமிருந்து நீராவிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. டிரைவர் பன்னிரண்டு வருடமாகத் தன்னிடம் வேலை செய்வதையும், விசுவாசமானவன் என்பதையும் அவரே சொன்னார். ரூட்டை விட்டு விலகினால் நான் பொறுப்பு என்று டிரைவர்கள் கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் தாள் வைத்திருந்தார்.

"பன்னெண்டு வருஷமா உங்க ஆள். இப்ப ஜெயில்ல இருக்கான். ஒரு தடவையாவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் ஸ்டெனோ.

"என் ஆள்தாம்மா. நான் இல்லேங்கலையே," என்றார் முதலாளி பொறுமையாக. "அன்னிக்கு மூணு மணிக்கு மட்டும் என் ஆள் இல்லை."

சைபர் நம்பரைப் பற்றிக் கேட்டதற்கு, எழுதியவன் கை தவறியிருக்கும் என்றார். அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்தார்.

வாசல் வழியாக வெளியே வந்தவர்கள் சந்து வழியாகப் பின்பக்கம் போனார்கள். அழுக்குத் துணி பிரிக்கும் அறையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் துணிக்குத் துணி நம்பர் குத்திக்கொண்டிருந்தாள். விசிலைப் பார்த்ததும் கையிலிருந்த பின்னைக் கீழே வைத்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் சில்லறை இல்லை என்று தன்னைக் கொட்டுகிற மழையில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது அவன்தான் என்றாள். அன்று நனைந்த பையில் இருந்தது தங்கை கல்யாணத்துக்கு எடுத்த துணி என்றும் சொன்னாள். விசில் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பத்து வருடக் கோபத்தைக் கொட்டித் தீர்த்த பிறகு அவளுக்கு மற்ற விஷயங்களும் சொல்ல வந்துவிட்டது. அந்த டிரைவர் நல்ல மனுஷன் என்பதில்தான் தொடங்கினாள்.

சைபர் என்றால் கம்பெனியின் மிஷின் கடித்த துணி. இஸ்திரியில் கருகியது, உருளையில் சிக்கிக் கிழிந்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் சரிசெய்து கொடுக்கவேண்டியது.

"தையல் பிரிவுன்னு போர்டு தொங்குது பாருங்க. கதவைத் திறந்தா துடைப்பம்தான் இருக்கும்," என்றாள். "வெளியில ஒரு பொண்ணு தெக்குது. மூணு வருஷமா. யாருன்னு எனக்குத் தெரியாது, டிரைவருக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை முதலாளியே மூட்டையை எடுத்து அவன் கையில கொடுப்பாரு."

வெளியே போகும் மூட்டைகளுக்கு ஒரு நோட்டு இருந்தது. விபத்து நடந்த தேதியில், சைபர், டிரைவர் கையில், என்று எழுதி, பக்கத்தில் முதலாளியின் சுழித்த கையெழுத்து. அவருடைய தாள்களில் இது ஒன்று மட்டும் அவருக்கு ஞாபகமில்லாமல் போயிருந்தது. வேன் கம்பெனி வேலையாகத்தான் போயிருக்கிறது. முதலாளி சொல்லித்தான் போயிருக்கிறது. விசில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தான். தங்கையின் வீட்டுக்காரனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுப்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

சந்துக்கு வந்ததும் அவன் போன் துடித்தது. கண்ணாடிக்கடைக்காரர்.

'போதும். இனி தேட வேண்டாம். பில் அனுப்புங்கள். நன்றி.'

விசில் அதை இரண்டு தடவை படித்தான். கேஸை ஜெயிக்க வைக்கும் நோட்டையே இன்னும் அனுப்பவில்லை, கோழிக்காலுக்கே இவ்வளவு சந்தோஷமா என்றான்.

ஸ்டெனோவுக்கும் அது இடித்தது. கால் போன ஒருவர், கம்பெனியை மாட்டவைக்கத் துடிக்கிறவர், பாதித் துப்பில் போதும் என்கிறார். அவரையே கேட்டுவிடலாம் என்று நம்பருக்காகக் கைப்பையிலிருந்து கார்டை எடுத்தாள். கடையின் பெயருக்கு மேலே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது. கட்டை விரலால் ஆந்தையின் உடம்பை மூடினாள். மிச்சமிருந்தது இரண்டு குட்டிக் கால்கள், மூன்று மூன்று விரல்.

கார்டை விசில் பக்கம் நீட்டினாள். கண்ணாடி துடைக்கக் கடையில் கொடுக்கிற துணி அது. வழுவழுப்பான, பல் பல்லாக ஓரம் வெட்டிய துணி. கட்டுக் கட்டாக அது கிடக்கக்கூடிய வீடு ஊரில் ஒன்றுதான்.

"அப்ப வேன் வந்தது அவர் வீட்டுக்கேவா?" என்றான் விசில். "சம்சாரம்தான் தெக்கறாங்களா? இதைச் சொல்லியிருந்தா கேஸ் அன்னிக்கே முடிஞ்சிருக்குமே. அந்தம்மா ஏன் வாயைத் திறக்கலை?"

அதுதான் கேள்வி. பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். சிறையில் பார்வை நேரம் இரண்டு மணியோடு முடிகிறது, வீடு எங்கேயும் போய்விடாது என்று ஸ்டெனோ கணக்குப் போட்டாள். முதலில் சிறைக்குப் போனார்கள். அந்த முடிவைப் பற்றி அவள் பின்னால் யாரிடமும் பேசியதில்லை.

டிரைவர் ஒல்லியாக, நரைத்த மீசையோடு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். சிகரெட் கதையையே திரும்பச் சொன்னான். எந்தக் கடை, என்ன சிகரெட் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தான். சைபர் என்று ஸ்டெனோ சொன்னதும் வலையைப் பிடித்துக்கொண்டான்.

"அவருக்குத் தெரியுமா?" என்றான். "அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அந்த ஆளுக்கு மட்டும் தெரியக்கூடாது."

பிறகு மடை திறந்தது போலச் சொன்னான். மூன்று வருடமாகச் செவ்வாய்க்கிழமை மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வந்தவன் அவன். அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்பே தைக்கிறவள். வேறு யாருக்கும் தன் கையால் எதுவும் செய்யக்கூடாது, பத்துக் காசு சம்பாதிக்கக்கூடாது என்பது கண்ணாடிக்கடைக்காரரின் சட்டம். சம்பாதிக்கிறவள் ஒருநாள் கிளம்பிப் போய்விடுவாளாம். கல்யாணமான வருடம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்ததற்காக அவள் இடது கையை ஜன்னல் கதவில் வைத்து மூடியிருக்கிறார். மூடிவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய், டாக்டரிடம் இவள் கவனமில்லாதவள் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு மரியாதையாக.

அன்றைக்கு மூட்டையை வாங்கிக்கொண்டு டிரைவர் படி இறங்கி வேனுக்கு வந்தபோது அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். தெருமுனையில் கணவர். "அவர் வராரு, போயிடுங்க அண்ணா" என்றாள். குரல்கூட வரவில்லை, வாயசைவுதான். டிரைவர் வேனில் ஏறி, அவர் கேட்டுக்கு வருவதற்குள் வெளியே போய்விடலாம் என்று பின்னால் எடுத்தான்.

"அவர் கண்ணுல படக்கூடாதுன்னு எடுத்தேம்மா," என்றான். "அவர் குறுக்கு வழியில வந்து பின்னாலேயே நிக்கறாரு."

வேலைக்குப் போன இடம் என்று சொல்லியிருந்தால் கம்பெனி பொறுப்பாகியிருக்கும், இவன் பாரம் பாதியாகியிருக்கும். எந்த வீடு என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். அதனால்தான் சிகரெட். முதலாளிக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் தன் வக்கீலை அனுப்பி, நீ சொன்னதிலேயே நில் என்று மட்டும் சொல்லச் சொன்னாராம்.

விசில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று பத்துக்குப் போன படம். அதற்குக் கீழே, போதும்.

கால் போனவருக்குக் கம்பெனியைப் பிடிப்பதில் எந்த அக்கறையும் இருந்ததில்லை. எந்தக் கதவு என்றுதான் கேட்டிருந்தார். படுக்கையிலிருந்து எழ முடியாதவர், தன் சார்பில் போய்த் தேட இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்திருந்தார்.

கட்டடத்தின் படியில் ஏறும்போது மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. மேலிருந்து தம்பி இறங்கி வந்தார். கைகளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தவர், இவர்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். அன்றைக்குத்தான் அவர் குரலை இவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள்.

"முடிஞ்சுது," என்றார். "அண்ணன் கிட்ட சொல்லியாச்சு. நீங்களும் அவர் அனுப்பித்தானே வரீங்க?"

கதவு திறந்து கிடந்தது. அந்தப் பெண் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு வலது கையைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. மூன்று விரல்கள், விரல் போக வேண்டிய திசையில் இல்லை. தரையில் நூல் கட்டைகளும், கடுகு நிறத் துணிகளும், மிதித்து நெளித்த ஒரு ஊசி டப்பாவும் கிடந்தன. அலமாரிக் கதவின் இடுக்கில் கொஞ்சம் ரத்தம்.

ஸ்டெனோ குழாயை மூடினாள். அந்தப் பெண்ணாகத்தான் சொன்னாள்.

"தம்பி போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜைமேல வெச்சிருந்தாரு அக்கா. ஒவ்வொரு விரலா எதுன்னு ஆஸ்பத்திரிலேருந்து அவர்தான் சொன்னாரு. மூணோட போதும்னுட்டாரு. சமைக்கணுமில்லையான்னு."

விசில் தரையில் உட்கார்ந்து நூல் கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினான். பொறுக்கிப் பொறுக்கி டப்பாவில் வைத்தான். டப்பா நெளிந்திருந்ததால் மூட முடியவில்லை. திரும்பத் திரும்ப மூடிப் பார்த்தான்.

"நான்தாம்மா அனுப்பினேன்," என்றான் கடைசியில், அவளைப் பார்க்காமல். "அந்தப் படத்தை."

"அவன் அனுப்பலை," என்றாள் ஸ்டெனோ. "என் ஆள் அவன். என் வேலையா வந்தப்ப அனுப்பினான். நான் அனுப்பினதுதான் அது."

தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் கட்டுப்போட்டு, எப்படி நேர்ந்தது என்று அவள் சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதி, நகல் ஒன்று ஸ்டெனோவிடம் கொடுத்தார். நடு விரல் இனி மடங்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். போலீசுக்குப் போகலாம் என்றாள் ஸ்டெனோ. முன்பு ஒருமுறை போனதாகவும், இரண்டு மணி நேரத்தில் கணவரே வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு மரியாதையாக அழைத்து வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். முதலில் தான் ஊரை விட்டுப் போகவேண்டும். அதற்கும் முதலில், டிரைவர் அண்ணன் வெளியே வரவேண்டும்.

டிரைவரின் வக்கீல் ஆபீசில் அந்தப் பெண் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னாள். வேன் தன் வீட்டுக்குத்தான் வந்தது, கம்பெனித் துணிக்காக வந்தது, மூன்று வருடமாக வந்தது. நோட்டின் படத்தையும் சேர்த்துக்கொண்ட வக்கீல், இது போதும், கம்பெனி தப்பவே முடியாது என்றார். சொல்லத் தயங்கி, அதையும் சொன்னார்: கம்பெனி பொறுப்பு என்று ஆனால், அந்த நஷ்ட ஈடு முழுவதும் உங்கள் வீட்டுக்காரர் கைக்குத்தான் போகும்.

"போகட்டும் சார். அவருக்குக் கால் போனது நிஜம்தானே," என்றாள் அவள். இடது கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். கோணலாக, பெரிசு பெரிசாக, முதல் வகுப்புக் குழந்தை போட்டது மாதிரி வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெற்கே போகிற பஸ்ஸில் விசில் அவளை ஏற்றிவிட்டான். கண்டக்டரிடம் தனியாகப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். எங்கே இறங்கப்போகிறாள் என்று அவனும் கேட்கவில்லை, ஸ்டெனோவும் கேட்கவில்லை. நாம் தெரிந்துகொண்டால் அது கட்சிக்காரருக்கும் தெரிந்தது போல என்று ஸ்டெனோ முன்பே சொல்லியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிய அரை மணி இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தலையணையில் சாய்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி ஸ்டூலில். வந்தவர்களை உட்காரச் சொன்னார்.

"வீட்டுக்குப் போயிருந்தீங்களாமே," என்றார். "தேட வேண்டாம்னு சொல்லியிருந்தேனே மேடம்."

"கதவைப் பாத்து உறுதி பண்ணிக்காம பில் போடறது வழக்கமில்லை சார்," என்றாள் ஸ்டெனோ. "கதவு திறந்திருந்தது. வாசலோட திரும்பிட்டோம்."

அவர் கரண்டியை வைத்தார். அவளையே பார்த்தார். விசிலைப் பார்த்தார். விசில் பல வருடம் கூட்டத்தில் நின்று பழகிய முகத்தை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். காசு வாங்கியவர்கள் எல்லோரும் தன்னுடைய கை கால்கள் என்று நம்புகிற மனுஷர் அவர். அந்த நம்பிக்கைதான் மெல்ல அவர் முகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"போயிட்டா," என்றார். "இவன் நாலு இடத்துல தேடிட்டான். எனக்கு இதுல வருத்தம்தான் மேடம், கோபமில்லை. கை வேற சரியில்லாதவ. நீங்க ரெண்டே நாள்ல கதவைக் கண்டுபிடிச்சவங்க. இவளையும் நீங்களே கண்டுபிடிச்சுக் கொடுங்க."

விசில் கடிகாரத்திலிருந்து பார்வையை எடுத்து ஸ்டெனோவைப் பார்த்தான். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள், போகும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள் என்று காத்திருந்தான். அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எடுத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு நிபந்தனை என்றாள். வேறு எந்தத் துப்பறியும் ஆபீசுக்கும் போகக்கூடாது. தம்பியும் தேடக்கூடாது. ரெண்டு பேர் தேடினால் தடயம் கலைந்துவிடும். உங்கள் சார்பில் உங்கள் மனைவியைத் தேடும் அதிகாரம் எனக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஸ்டெனோ மடியில் வைத்து எழுதி நீட்டிய தாளை வரி விடாமல் படித்து, அழகாகக் கையெழுத்துப் போட்டார். தம்பியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தம்பி போட்டார்.

"திறமையானவங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், தயிர்க் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "கண்டிப்பாக் கண்டுபிடிச்சிடுவீங்க."

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. ஸ்கூட்டர் நிறுத்துமிடம் வரைக்கும் நடந்தார்கள். ஸ்டெனோ தாளை நான்காக மடித்து உள்ளே வைத்தாள். கைப்பையின் ஜிப்பை மூட மூன்று தடவை முயன்றாள்.

"எந்தப் பக்கம் மேடம் தேடப் போறோம்?" என்றான் விசில்.

"வடக்கே."

"எவ்வளவு நாளைக்கு?"

"அனுப்பினவர் செத்தாத்தான் நம்ம அதிகாரம் முடியும்," என்றாள் ஸ்டெனோ. "அது வரைக்கும் தேடுவோம்."